மச்சானின் நீலத் தண்ணீர்

என் சட்டைப் பையில் ஒரு சாவி இருந்தது. கதவுச் சாவி இல்லை. கட்டைவிரல் நீளத்தில், பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதைக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகினால்தான் எங்கள் அலுவலகத்து வடிகால் மென்பொருள் திறக்கும். செருகாவிட்டால் 'சாவி இல்லை' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். அதைக் கைக்குட்டையில் சுற்றி இடது பையில் வைத்திருப்பேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் செஞ்சி ஊரின் மழைநீர் கம்ப்யூட்டருக்குள் ஓரடி நகராது.

அலுவலகம் பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருக்கிறது. கடைக்காரரின் மகள் சிவில் இன்ஜினியர். அவர்தான் எங்கள் மேடம். வேலை செய்பவர்கள் அவரையும் சேர்த்து மூன்று பேர், நாற்காலிகள் நான்கு, கம்ப்யூட்டர்கள் இரண்டு. மற்ற இருவரில் ஒருவன் நான். அரசு வேலையில் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இன்னொருவர் என் மனைவியின் அண்ணன்; சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடம் என்னை 'டிராயிங் சார்' என்பார், அவரை 'சர்வேயர் சார்' என்பார்.

நாங்கள் செய்யும் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஊரில் உள்ள வடிகால் ஒவ்வொன்றின் அகலம், ஆழம், சரிவு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் எழுதிவிட்டு, இவ்வளவு மழை பெய்தால் எந்த இடத்தில் தண்ணீர் வழியும் என்று அதைக் கேட்பது. செஞ்சியின் வடிகால்களை அப்படி எழுதி, கம்ப்யூட்டருக்குள் ஊரின் மாதிரியைப் போட்டவன் நான். சாக்கடை ஓரமாக நடந்து, மூடியைத் தூக்கி, டேப்பை இறக்கி, வடிகாலில் இடையிடையே உள்ள தொட்டிகளை ஒவ்வொன்றாக அளந்தேன். முந்நூற்றுப் பதினெட்டுத் தொட்டிகள். அவற்றில் மூடி உள்ளவை இருநூற்று நாற்பது, உடைந்த மூடி உள்ளவை முப்பத்தாறு, மிச்சம் திறந்தே கிடப்பவை. எந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் டீக்கடை, எதற்குப் பக்கத்தில் கோழிக்கடை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பழைய மென்பொருள் அட்டவணைதான் காட்டும். வரிசை வரிசையாக எண்கள். நிரம்பிய தொட்டிக்கு எதிரே ஒரு நட்சத்திரக் குறி விழும். வழிந்த தண்ணீர் அதற்குப் பிறகு எந்தப் பக்கம் போயிற்று என்று அதற்குத் தெரியாது. வழிந்தது வழிந்ததுதான், கணக்கில் இருந்து போய்விடும். எனக்கு அது போதுமாக இருந்தது. நட்சத்திரங்களை எண்ணி மேடத்திடம் சொல்வேன். அவர் அதை வைத்து அறிக்கை எழுதுவார்.

போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்பு, பேரூராட்சியில் இருந்து ஊர் முழுவதற்கும் மழைநீர்த் திட்டம் கேட்டார்கள். கோட்டையைப் பார்க்க வரும் வண்டிகள் கூடிவிட்டன, மழை வந்தால் பஸ் ஸ்டாண்டு பக்கம் குளமாகிவிடுகிறது, அதற்கு ஒரு வழி வேண்டும். வெறும் அட்டவணை போதாது, படமாகக் காட்ட வேண்டும் என்றார்கள். அதனால் மேடம் புது மென்பொருள் வாங்கினார். அதற்குப் பச்சைச் சாவி கிடையாது. பாஸ்வேர்டு தட்டினால் திறக்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்காரலாம். வாங்கிய உரிமம் ஒன்றே ஒன்று.

"ரெண்டு பேரும் உக்காந்து பாருங்க சார். யாருக்குக் கை வருதோ அவங்க எடுத்துக்கலாம்" என்றார் மேடம்.

அவர் சொன்னது நியாயம்தான். அப்போதும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மாதிரி என்னுடையது, தொட்டிகள் என்னுடையவை, நாற்காலியும் எனக்கே வரும் என்று எண்ணியிருந்தேன்.

இந்த இடத்தில் என் மச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்கு என்னைவிட ஒரு வயது அதிகம். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே பெஞ்ச். அப்போது வாடா போடா. அவர் தங்கையைக் கட்டிய பிறகு நான் 'நீங்க'வுக்கு மாறினேன். அவர் மாறவில்லை. எழுபது தாண்டியும் அவருக்குக் கண்ணாடி கிடையாது. தலையில் முடி இருக்கிறது. வாயில் இருபத்தொன்பது பல் இருக்கிறது, எனக்குப் பதினேழு. அவருடையதை எப்படி எண்ணினேன் என்று கேட்கலாம். அவர் வாயை முழுக்கத் திறந்து சிரிப்பவர், எண்ணுவது சுலபம். தளவானூரில் இருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பஸ்ஸில் கண்டக்டர் உட்பட எல்லோரும் அவருக்குச் சொந்தக்காரர்கள் போலப் பேசுவார்கள். நான் அதே ஊரில் நாற்பது வருஷத்துக்கு மேல் மாப்பிள்ளை. இன்றைக்கும் என்னைப் பார்த்து, "சர்வேயர் வூட்டு மாப்ளையா?" என்றுதான் கேட்கிறார்கள்.

நான் முதலில் உட்கார்ந்தேன். திரையின் மேலே பொத்தான்கள் ஏராளமாக இருந்தன. அறுபத்துநான்கு. ஒவ்வொன்றின் மேலும் சுட்டியை வைத்து அதன் பெயரைப் படித்தேன். படித்துவிட்டு, அட்டவணை அச்சடிக்கும் பொத்தான் எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை. பழையதில் அது மூன்றாவது மெனுவில் ஐந்தாவது வரி. இதில் மூன்றாவது மெனுவில் ஐந்தாவதாக வேறு எதுவோ இருந்தது.

அப்புறம் மச்சான் உட்கார்ந்தார். அவர் எதையும் படிக்கவில்லை. அழுத்தினார். தப்பானால் "அய்யய்யோ" என்று சிரித்துவிட்டுப் பின்னால் வந்து வேறொன்றை அழுத்தினார். வீட்டில் கைபேசியில் பயிற்சி வீடியோக்கள் வேறு பார்த்துவிட்டு வந்தார். நான் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் செஞ்சிப் படத்தைத் திரையில் விரித்து, வீடுகளுக்குக் கூரை போட்டு, ராஜகிரி மலையைப் பின்னால் நிறுத்திவிட்டார்.

மேடம் பார்த்தார். மறுநாள் புது மென்பொருள் இருந்த கம்ப்யூட்டர் மச்சானின் மேஜைக்குப் போயிருந்தது.

அன்று சாயந்திரம் வீட்டில் என் முகத்தைப் பார்த்து மனைவி கேட்டாள். சொன்னேன்.

"அண்ணனுக்குக் குடுத்தா இன்னா, ஒங்களுக்குக் குடுத்தா இன்னா? ரெண்டும் நம்ம வூட்டு ஆளுதானே."

"மாதிரி போட்டவன் நான்."

"அதுதான் போட்டுட்டீங்களே. இனிமே அவரு பாக்கட்டும். ஒங்களுக்கும் கண்ணு வலிக்குது, கண்ணு வலிக்குதுன்னு சொல்லினே இருக்கீங்க."

"அவருக்கு வலிக்காதா?"

"அவருக்குத்தான் கண்ணாடியே இல்லியே" என்றாள் பெருமையாக. அவள் அண்ணனின் கண் அவளுக்குப் பெருமை.

நான் என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

என்னுடைய பழைய மாதிரியைப் புதியதற்குள் கொண்டுவரும் வேலையையும் மச்சானே செய்தார். முந்நூற்றுப் பதினெட்டுத் தொட்டிகளும் நான் கோப்பில் எழுதியபடியே வந்து இறங்கின. நான் பின்னால் நின்று எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை. குறைந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு மழையைக் கொடுத்து ஓட்டினார். அங்கேதான் எனக்கு வினை வந்தது. பழையதில் நட்சத்திரம் விழும் இடத்தில், புதியதில் தண்ணீர் வந்தது. தொட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து, தெருவில் பரவி, மேடு பள்ளம் பார்த்து ஓடியது. இளநீலம், ஆழம் கூடக் கூட அடர்நீலம். கடைகளின் படியைச் சுற்றிக்கொண்டு போனது. சந்துக்குள் நுழைந்து, முட்டி, திரும்பி வந்தது.

கீழே கடையில் ஆணி நிறுக்கும் பையன் சிமெண்ட் சீட்டு கொடுக்க மாடிக்கு வந்தவன், பார்த்துவிட்டு, கத்திக்கொண்டே கீழே ஓடினான். அவ்வளவுதான். கடை ஆட்கள், டீக்காரர், பூ விற்கும் அம்மா, எதிர்க்கடைப் பாத்திர வியாபாரி. அந்தச் சின்ன அறைக்குள் பதினோரு பேர்.

"தோ பாரு, நம்ம கடை. தண்ணி வருது, வருது... ஏ, படி ஏறிடுச்சுடா!"

"இன்னா சர்வேயர் சார், நெசமாவே இப்டி வருமா?"

"மழ பேஞ்சாத்தான் வரும். நீ இப்பவே வேட்டிய மடிச்சுக் கட்டாத" என்றார் மச்சான்.

எல்லோரும் சிரித்தார்கள். பூக்காரம்மா, "எங்க சந்தக் காட்டு சார்" என்றார். காட்டினார். "இன்னொரு தரம் வுடு சார்" என்றார் டீக்காரர். விட்டார். அன்று மூன்று தடவை செஞ்சியில் மழை பெய்தது.

இத்தனை வருஷம் என் அட்டவணையைப் பார்க்க அந்தப் படியில் ஒருவர் ஏறி வந்ததில்லை. அதே தொட்டிகள், அதே ஆழங்கள், அதே தண்ணீர். நான் குனிந்து அளந்த ஊர். நீலம் மட்டும்தான் அவருடையது. அந்த நீலமும் மென்பொருள் போட்டது. ஆனால் எல்லோரும் 'சர்வேயர் சார் தண்ணி வுடுறாரு' என்றுதான் பஜார் முழுக்கச் சொன்னார்கள். டீக்காரர் அன்றிலிருந்து அவருக்கு ஸ்ட்ராங்காகவும் எனக்கு வழக்கம் போலவும் கொண்டுவந்தார். ஒருவேளை முன்பிருந்தே அப்படித்தானோ என்னவோ. நான் கவனித்தது அப்போதுதான்.

மூன்றாவது தடவை ஓட்டும்போது ஒன்றைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு காய்ந்து கிடந்தது.

பஜாரின் மேல் முனையில் தண்ணீர் தேங்கி, தெருவோடு வழிந்து, வேறு பக்கமாகத் திரும்பி ஏரி ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு சொட்டு நீலம் இல்லை. செஞ்சியில் மழை பெய்து பஸ் ஸ்டாண்டு நனையாமல் இருந்ததை நான் பார்த்ததே இல்லை. இந்தப் படத்தை நம்பினால் புது வடிகால் பஜாரின் மேல் முனைக்குப் போகும். பஸ் ஸ்டாண்டும் அதை ஒட்டிய தெருவும் அடுத்த மழையிலும் அப்படியேதான் மிதக்கும்.

காரணம் எனக்கு உடனே தெரிந்தது. முந்நூற்றுப் பதினெட்டில் ஒரே ஒரு தொட்டியை நான் அளந்ததில்லை. அது எங்கள் காலுக்குக் கீழேயே இருந்தது. பஜாரின் மேல் முனையில், ஹார்டுவேர் கடை வாசலில். பஜாரில் கடைக்காரர்கள் வடிகால் மேல் கல் போட்டு அதையே வாசற்படியாக வைத்துக்கொள்வது வழக்கம். மற்ற கடைகளில் கேட்டால் முனகிக்கொண்டே கல்லை நகர்த்திக் கொடுத்தார்கள். மேடத்தின் அப்பா மட்டும் மறுத்துவிட்டார். அவர் கடையைத் திறந்த நாளில் ஐயர் வந்து அந்தக் கல்லுக்கு அடியில் எதையோ வைத்துப் பூஜை செய்திருக்கிறார். தினமும் காலையில் அதன் மேல் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்ட பிறகுதான் ஷட்டர் தூக்குவார்கள். 'கல்ல நவுத்துனா கட போயிரும் சார்' என்று சொல்லிவிட்டார்.

அதனால் அந்தத் தொட்டியின் ஆழத்துக்கு நேராகப் பூஜ்யம் போட்டேன். பழைய மென்பொருளில் பூஜ்யம் என்றால் 'தெரியாது' என்று அர்த்தம். அதுவே இரு பக்கத்துத் தொட்டிகளையும் பார்த்து நடுவில் ஒரு கோடு இழுத்துக்கொள்ளும். அந்தக் கோடு உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். புது மென்பொருளுக்கு இந்தப் பழக்கம் தெரியாது. அதற்குப் பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான். ஆழமே இல்லை, வடிகால் அந்த இடத்தில் தெரு மட்டத்துக்கு ஏறிவிட்டது, கிட்டத்தட்ட ஒரு சுவர். தண்ணீர் அந்தச் சுவரில் முட்டி மேலேயே நின்றுவிட்டது. கீழே பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை.

இது மச்சானுக்குத் தெரிய வழியில்லை. பழைய மென்பொருளை அவர் திறந்ததே இல்லை. சாவி என் பையில் இருந்தது.

நான் சொல்லவில்லை. மேடம் அடுத்த வாரம் பேரூராட்சியில் கூட்டம் என்றும், கவுன்சிலர்கள் எல்லோரும் வருகிறார்கள் என்றும், சர்வேயர் சார் படத்தைக் காட்டி விளக்குவார் என்றும் சொல்லியிருந்தார். அங்கே சொல்வதற்காக எடுத்து வைத்தேன். மச்சான் முடித்துவிட்டு உட்காருவார், கைதட்டுவார்கள், அப்போது நான் எழுந்து, 'இந்தப் படம் தப்பு' என்று ஆரம்பிப்பேன். அதற்கு அடுத்த வரிகளையும் மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்தேன். அந்த வாரம் சாப்பாடு ருசித்தது. மனைவிகூடக் கேட்டாள், "இன்னா, ரெண்டு நாளா சும்மா சிரிச்சினு இருக்கீங்க?"

மச்சான் இரண்டு மூன்று தடவை என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, இங்க வந்து பாரேன். சரியாத்தான் இருக்குதா?"

"நீங்கதான் பாக்கணும் மச்சான். ஒங்க சாஃப்ட்வேர்."

"என்னுது இன்னா என்னுது. ஒன்னோட தொட்டி தானே எல்லாம்?"

"தொட்டி வந்துடுச்சுல்ல, எண்ணிப் பாத்தேன். முந்நூத்திப் பதினெட்டும் இருக்குது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

அவர் பாஸ்வேர்டை மறைத்து வைத்ததும் இல்லை. நான் கேட்காமலே ஒருநாள் சொன்னார். "நம்ம பாப்பா பேருதான் மாப்ள. பின்னால அவ பொறந்த வருஷம். நான் இல்லன்னா நீ தொறந்துக்கோ." பாப்பா என்பது என் மனைவி. அவள் வீட்டில் கூப்பிடும் பெயர். நான் தலையாட்டினேன். திறக்கவில்லை. அவர் எழுந்து போன நாற்காலியில் உட்கார எனக்கு மனசு இல்லை.

கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது. கூட்ட அறையில் நாற்காலிகள் நாற்பது, வந்தவர்கள் இருபத்திரண்டு. மேடம் முதல் வரிசையில் உட்கார்ந்தார், அவர் பக்கத்தில் நான். மச்சான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பெரிய திரையில் மலை, தெரு, கூரை எல்லாம் வந்தன. கவுன்சிலர்கள் கைபேசியை எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மச்சான் மழையைக் கொடுத்தார். நீலம் கிளம்பியது. "ஆஹா" என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார்.

நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, எழுவதற்குத் தயாராகக் காலை இழுத்து வைத்தேன்.

நீலம் பஜாரின் மேல் முனையில் தேங்கியபோது மச்சான் படத்தை நிறுத்தினார்.

"இதுக்கு மேல காட்டல. இங்க கம்ப்யூட்டரு தப்பு சொல்லுது" என்றார். "பஸ் ஸ்டாண்டுல தண்ணி இல்லன்னு சொல்லுது. நான் தெனம் பஸ்ஸுல வர்றவன். போன மழைக்கு செருப்பக் கையில புடிச்சினு முட்டி மட்டும் தண்ணியில நடந்தேன். என் காலு பொய் சொல்லாது."

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து வார்டு கவுன்சிலர் ஒரு அம்மா. அவர் உடனே எழுந்துவிட்டார். "அதானே பாத்தேன்! இன்னாடா இது, எங்க தெரு மட்டும் காஞ்சி கெடக்குதேன்னு. போன மழையில அடுப்பக் கட்டில் மேல வச்சு சமைச்சோம் சார்."

"ஏன் தப்பாச்சுன்னு எனக்குத் தெரியல" என்றார் மச்சான். "ஒரு வாரமாப் பாக்குறேன், கண்டுபுடிக்க முடியல. ஆனா என் மாப்ளைக்குத் தெரியும். இந்த ஊருல ஒவ்வொரு தொட்டியையும் கையால அளந்தவரு அவரு. நான் சும்மா கலர் அடிச்சவன். அவரே சொல்லட்டும்."

மைக்கை என்னிடம் நீட்டினார்.

இருபத்திரண்டு தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் ஒரு வாரமாகக் கூர்தீட்டி வைத்திருந்த முதல் வரியை அவரே சொல்லி முடித்துவிட்டார். அதுவும் என்னைவிட நன்றாகச் சொன்னார். 'அவரு' என்று வேறு சொன்னார். தங்கையைக் கொடுத்ததில் இருந்து முதல் தடவை.

மைக்கை வாங்கிக்கொண்டு முன்னால் போனேன். இதற்குள் நேரமாகித் திரை பூட்டிக்கொண்டது. பாஸ்வேர்டு கேட்டது.

"நீயே தொற மாப்ள" என்றார்.

மனைவியின் பெயரைத் தட்டினேன். பின்னால் வருஷத்தைத் தட்டினேன். தப்பு என்றது. மறுபடி தட்டினேன். தப்பு. பெரிய திரையில் எல்லோருக்கும் தெரிகிறது. எழுத்து மறைந்து புள்ளிகளாக வந்தாலும், தப்பு என்பது சிவப்பில் வந்தது. மூன்றாவது தடவை தப்பானால் மொத்தமாகப் பூட்டிக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்தேன். விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். மச்சான் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார். மைக் என் கையில் இருந்ததால் அறை முழுக்கக் கேட்டது.

"ஒரு வருஷம் கம்மி பண்ணு மாப்ள."

திறந்துவிட்டது. கவுன்சிலர் அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அதன் பிறகு விளக்கினேன். பூஜ்யத்தைக் காட்டினேன். பழையதில் அதற்கு என்ன அர்த்தம், புதியதில் என்ன அர்த்தம் என்று சொன்னேன். அந்தத் தொட்டி எந்தக் கடை வாசலில் இருக்கிறது என்று சொன்னபோது மேடம் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து, "எங்க அப்பா கடதான். நான் பேசுறேன்" என்றார். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். முடித்ததும் கைதட்டினார்கள். கூட்டம் கலைந்தபோது செயல் அலுவலர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மச்சானின் கையையும் பிடித்துக் குலுக்கி, "இப்படி வெளிப்படையா ஒத்துக்குறவங்களப் பாக்குறது கஷ்டம் சார்" என்றார். எனக்குச் சொல்ல அவரிடம் வேறு ஒன்றும் இல்லை.

நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. எழுந்து நின்றேன், பேசினேன், படம் தப்பு என்று நிரூபித்தேன். ஆனால் அதை எனக்கு அவர் கொடுத்தார். பறித்துக்கொள்ள வைத்திருந்ததை ஒருவர் எடுத்து நீட்டினால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவருடைய பல்லுக்கும் கண்ணுக்கும் முடிக்கும் பட்ட பொறாமையை எல்லாம் சேர்த்தாலும், அன்று மத்தியானம் பட்டதற்கு ஈடாகாது.

சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்தபோதே தெரிந்துவிட்டது. மச்சான் தினமும் தங்கைக்குப் போன் செய்பவர்.

"நல்லாப் பேசினீங்களாமே. அண்ணன் அவ்ளோ சொன்னாரு" என்றாள்.

"ம்."

"பஜாருல எத்தினி மூடி ஒடஞ்சிருக்குதுன்னு கேட்டா சொல்லுவீங்க. எங்க அண்ணன் வாயில எத்தினி பல்லுன்னு கேட்டாலும் சொல்லுவீங்க."

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"நான் எந்த வருஷம் பொறந்தேன்?"

சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன்.

"இது இன்னிக்குத் தெரிஞ்சது" என்றாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குழம்பில் உப்பு குறைவாக இருந்தது. கேட்கவில்லை.

கல்லை அன்றே தூக்க மேடத்தின் அப்பா சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆகாது என்றார். மறுநாள் சனிக்கிழமை, அதுவும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது, ஐயரைக் கூப்பிட்டு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத் தூக்கிக்கொள்ளுங்கள் என்றார். மகளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கடப்பாரை போட்டு நான்கு பேர் நெம்பினார்கள். கல் புரண்டதும் கிளம்பிய நாற்றத்தில் ஐயர் மந்திரத்தை நடுவிலேயே நிறுத்திவிட்டு எதிர்க்கடைப் பக்கம் போய் நின்றுகொண்டார். பூஜையில் வைத்தது என்று எதுவும் இல்லை. வண்டலும் இரண்டு தண்ணீர் பாட்டிலும்தான். முதலாளி எட்டிப் பார்த்தார். "தண்ணியோட போயிருக்கும். போன எடத்துல இருந்து காப்பாத்துது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அளவுகோலைத் தொட்டிக்குள் இறக்கிப் பிடித்தது மச்சான். முட்டி வரை சேறு. மட்டம் பார்க்கும் கருவியில் கண் வைத்துப் படித்தது நான். "இன்னா மாப்ள, தெரியுதா? கண்ணாடியத் தொடச்சிக்கோ!" என்று கீழே இருந்து கத்தினார். தெரிந்தது. இரு பக்கத்துத் தொட்டிகளை வைத்துப் பழைய மென்பொருள் இழுத்த கோட்டில் இருந்து இரண்டு விரற்கடைதான் வித்தியாசம். அதை நான் இரண்டு தடவை சத்தமாகச் சொன்னேன். கடப்பாரைக்காரர்கள் கேட்டார்கள்.

மாடிக்குப் போனோம். மச்சான் காலைக் கழுவிக்கொண்டு வாசலிலேயே நின்றார். "துணி பூரா சேறா இருக்குது, நீயே உக்காரு" என்றார். அவருடைய நாற்காலியில் முதல் தடவை உட்கார்ந்தேன். அவர் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தார். எனக்குக் கால் தரையில் படவில்லை. பாஸ்வேர்டைத் தட்டினேன், ஒரே தடவையில் திறந்தது. பூஜ்யத்தை அழித்துவிட்டு ஆழத்தை எழுதினேன். ஓட்டினேன்.

தண்ணீர் பஜாரைத் தாண்டிக் கீழே வந்தது. பஸ் ஸ்டாண்டு மூலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு கிளம்பியது. கவுன்சிலர் அம்மா தெருவுக்குள் நுழைந்தது. இளநீலம், பிறகு அடர்நீலம். வழிந்த பிறகு தண்ணீர் எங்கே போகிறது என்பதை அத்தனை வருஷத்தில் அன்றுதான் கம்ப்யூட்டரில் சரியாகப் பார்த்தேன்.

"வந்துடுச்சு மாப்ள, வந்துடுச்சு!" மச்சான் வாசலில் நின்றபடியே கைதட்டினார். இருபத்தொன்பது பல்லும் தெரிந்தது.

இப்போது காலையில் நானும் மத்தியானத்துக்கு மேல் அவரும் உட்காருகிறோம். அவர் சொன்ன ஏற்பாடு. மேடம் சரி என்றார். "பாஸ்வேர்ட மாத்தணும்னா மாத்திக்கோ. ஒனக்குப் புடிச்சதா வை, எனக்கும் சொல்லு, அவ்ளோதான்" என்றார். மாற்றலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வேறு எதை வைப்பது என்று யோசித்தேன். முந்நூற்றுப் பதினெட்டு என்று வைக்கலாமா என்று நினைத்தேன். விட்டுவிட்டேன்.

பச்சைச் சாவி இன்னும் என் பையில்தான் இருக்கிறது. தினமும் காலையில் நாற்காலியை இறக்கிக்கொண்டு, மனைவியின் பெயரைத் தட்டுகிறேன், அவள் பிறந்த வருஷத்தைத் தட்டுகிறேன். சரியாகத்தான் தட்டுகிறேன். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர் என்பதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.